வேலை போனபின் வாராந்தர வேலையின்மைத் தொகை கோருவது: வாஷிங்டன் மாநில நடைமுறை

வாஷிங்டன் மாநிலத்தின் பாத்தல் நகரில் வசிக்கும் ஒருவர் கேட்டிருப்பதன் சாரம் இது. தனியார் நிறுவனமொன்றில் நான்காண்டுகள் மென்பொருள் சோதனையாளராக இருந்தவரை ஆட்குறைப்பில் வெளியேற்றிவிட்டார்கள். கடைசி வேலைநாள் போன வெள்ளிக்கிழமை. ஆறு வாரச் சம்பளத்துக்கு ஈடான செவரன்ஸ் தொகை, அதாவது வேலையிலிருந்து பிரியும்போது தரும் தொகை, தருகிறார்கள். கிரீன் கார்டு சென்ற ஆண்டுதான் வந்தது, அதற்கு முன் ஹெச்-1பி விசாவில் இருந்தார். அன்எம்ப்ளாய்மென்ட் வாங்கினால் பிற்பாடு குடியுரிமைக்கு இடைஞ்சல் வருமா, வாராவாரம் என்ன செய்ய வேண்டும், செவரன்ஸ் தீரும்வரை பொறுத்திருக்க வேண்டுமா, நடுவில் மூன்று வாரம் மதுரைக்குப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வரலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

முதலில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்: இந்த வாரமே விண்ணப்பியுங்கள். அதன்பிறகு, பணம் வந்தாலும் வராவிட்டாலும், உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் இருந்தாலும், மறுக்கப்பட்டு நீங்கள் மேல்முறையீடு செய்திருந்தாலும், வாரம் தவறாமல் அந்த வாரத்துக்கான கோரிக்கையைப் பதிவு செய்யுங்கள். இந்த ஏற்பாட்டில் பலர் பணத்தை இழப்பது தகுதி இல்லாததால் அன்று. விண்ணப்பம் என்பது ஒருமுறை, வாராந்தரக் கோரிக்கை என்பது ஒவ்வொரு வாரமும் என்ற வேறுபாடு பிடிபடாமல், "முடிவு வரட்டும், அப்புறம் பார்த்துக்கொள்வோம்" என்று காத்திருப்பவர்களே பெரும்பாலும் இழக்கிறார்கள். கோரப்படாத வாரத்துக்குப் பணம் இல்லை. தாமதமாகக் கோரினால் தக்க காரணம் காட்ட வேண்டும். அந்தக் காரணம் ஏற்கப்படும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

இதை வாங்கக் கூச்சமாக இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். இது உதவித்தொகை அல்ல, காப்பீடு. 1935-இல் வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியே உருவான கூட்டாட்சி–மாநில ஏற்பாடு இது. உங்களை வேலைக்கு வைத்திருந்த நிறுவனம் உங்கள் ஊதியத்தைக் கணக்கிட்டு இதற்கென்று மாநிலத்துக்கு வரி கட்டி வந்திருக்கிறது. வாஷிங்டனில் தொழிலாளரிடமிருந்து இதற்காக எதுவும் பிடிப்பதில்லை. சம்பளச் சீட்டில் நீங்கள் பார்த்திருக்கும் பிடித்தங்கள் குடும்ப மற்றும் மருத்துவ விடுப்புத் திட்டத்துக்கும் டபிள்யூ.ஏ. கேர்ஸ் என்ற நீண்டகாலப் பராமரிப்புத் திட்டத்துக்கும் உரியவை. பலரும் இவற்றை வேலையின்மைக் காப்பீட்டுக்கான பிடித்தம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். நிறுவனம் பிரீமியம் கட்டிய காப்பீட்டை, இழப்பு நேர்ந்தபோது கோருகிறீர்கள். இதில் கூசுவதற்கு ஒன்றுமில்லை.

விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் கலிஃபோர்னியாவிலோ நியூ ஜெர்சியிலோ உள்ள நண்பர் சொல்வது அவருடைய மாநிலத்துக்குச் சரியாக இருந்தும் உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். கலிஃபோர்னியாவில் இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை கோரிக்கையைச் சான்றளித்துப் பதிவு செய்கிறார்கள். அங்கே வார உச்சவரம்பு 450 டாலர். வாஷிங்டனில் வாராவாரம் கோர வேண்டும், உச்சவரம்பு அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். எந்த மாநிலத்தில் வேலை செய்தீர்களோ அந்த மாநிலத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். இங்கே அதை நடத்துவது எம்ப்ளாய்மென்ட் செக்யூரிட்டி டிபார்ட்மென்ட் என்ற மாநில அரசுத் துறை. ஈ.எஸ்.டி. என்று சுருக்கமாகச் சொல்கிறேன்.

தகுதிக்கு முதல் அளவுகோல் உழைத்த மணிநேரம். அடிப்படை ஆண்டு என்று அவர்கள் எடுத்துக்கொள்ளும் காலத்தில் 680 மணிநேரம் வேலை செய்திருக்க வேண்டும். வாரத்துக்கு 40 மணிநேரம் என்று வைத்தால் அது 17 வாரம். முடிந்துபோன கடைசி ஐந்து காலாண்டுகளில் முதல் நான்குதான் அடிப்படை ஆண்டு. எடுத்துக்காட்டாக, 2025 மே மாதத்தில் விண்ணப்பித்தவருக்கு 2024 ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான காலம் அடிப்படை ஆண்டாகும். அவரே ஜூலையில் விண்ணப்பித்திருந்தால் அது 2024 ஏப்ரலிலிருந்து 2025 மார்ச் வரை என்று நகர்ந்திருக்கும். அதில் 680 மணிநேரம் வரவில்லை என்றால், முடிந்துபோன கடைசி நான்கு காலாண்டுகளை மாற்று அடிப்படை ஆண்டாக எடுத்துப் பார்ப்பார்கள். நான்காண்டுகள் தொடர்ந்து முழுநேர வேலையில் இருந்த உங்களுக்கு இது ஒரு கேள்வியே அல்ல. ஹெச்-1பி-யில் இருந்தபோது ஈட்டிய சம்பளம் சேருமா என்ற உங்கள் ஐயத்துக்கும் விடை இதிலேயே இருக்கிறது: அப்போது வேலை செய்யச் சட்டப்படி அனுமதி இருந்ததால் அந்த மணிநேரமும் ஊதியமும் முழுமையாகக் கணக்கில் வரும்.

வாரத் தொகையைக் கணக்கிடும் முறை எளிது. அடிப்படை ஆண்டின் நான்கு காலாண்டுகளில் அதிக ஊதியம் வந்த இரண்டை எடுத்துச் சராசரி பார்த்து, அதில் 3.85 சதவீதம் கணக்கிடுகிறார்கள். அந்த இரண்டு காலாண்டுகளில் 24,000 டாலரும் 22,000 டாலரும் வந்திருந்தால் சராசரி 23,000, அதில் 3.85 சதவீதம் 885 டாலர் 50 சென்ட்; சில்லறையை விட்டால் வாரத்துக்கு 885 டாலர். உச்சவரம்பு ஒவ்வோராண்டும் ஜூலையில் மாறும். 2024 ஜூலை முதல் அது 1,079 டாலராக இருந்தது, 2025 ஜூலை முதல் 1,152 டாலராக உயர்ந்தது. காலாண்டுக்கு ஏறத்தாழ 30,000 டாலர் ஈட்டியவர் இந்த 1,152 டாலரைத் தொட்டுவிடுவார். அதற்குமேல் எவ்வளவு சம்பளம் இருந்திருந்தாலும் தொகை கூடாது. மொத்தமாகக் கிடைக்கக்கூடியது, வாரத் தொகையின் 26 மடங்கு அல்லது அடிப்படை ஆண்டு ஊதியத்தில் மூன்றில் ஒரு பங்கு, இவற்றில் எது குறைவோ அது. ஜூன் கடைசியில் வேலை போனவர்கள் புது உச்சவரம்புக்காக ஓரிரு நாள் பொறுப்பதில் பொருள் இருக்கலாம். வாரக்கணக்கில் தள்ளிப்போடுவது பெரும்பாலும் நட்டத்தில்தான் முடியும்.

உங்கள் கோரிக்கை, விண்ணப்பித்த வாரத்தின் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தொடங்குவதாகக் கொள்ளப்படும். ஆகவே வெள்ளிக்கிழமை வேலை போய், அடுத்து வரும் வாரத்தின் எந்த நாளில் விண்ணப்பித்தாலும் வாரம் வீணாகாது. அதற்கடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போட்டால் ஒரு வாரம் போய்விடும். முன்தேதியிட்டுத் தருமாறு கேட்கலாம் என்றாலும் தக்க காரணம் வேண்டும். இணையத்தில் விண்ணப்பிக்கும்போது சமூகப் பாதுகாப்பு எண், கடந்த 18 மாதங்களில் உங்களை வேலைக்கு வைத்திருந்த நிறுவனங்களின் பெயர், முகவரி, சேர்ந்த நாள், விலகிய நாள், கிரீன் கார்டில் உள்ள எண் ஆகியவை கையில் இருக்கட்டும். பெயரை நிறுவனத்தின் ஊதியப் பதிவில் இருந்தபடியே எழுதுங்கள். நம்மவர்களுக்கு அப்பா பெயரை முன்னொட்டாகவும் பின்னொட்டாகவும் மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளும் பழக்கத்தால், கிரீன் கார்டில் ஒரு விதமாகவும் சம்பளப் பதிவில் வேறு விதமாகவும் பெயர் இருந்து, அடையாளச் சரிபார்ப்பில் விண்ணப்பம் நின்றுபோவது உண்டு. 2020 வசந்தகாலத்தில் பிறருடைய அடையாளங்களைத் திருடி இந்த மாநிலத்தின் வேலையின்மை நிதியிலிருந்து பல கோடி டாலரைச் சுருட்டினார்கள். அதன்பிறகு அடையாளச் சரிபார்ப்பு கெடுபிடியாகிவிட்டது. ஆவணம் கேட்டுக் கடிதம் வந்தால் அன்றே அனுப்பிவிடுங்கள்.

விலகிய காரணத்தைக் கேட்கும் இடத்தில் நிதானமாக இருங்கள். உங்களுடையது ஆட்குறைப்பு, வேலை இல்லாமையால் நீக்கம். அதை அப்படியே எழுதினால் போதும். நிறுவனத்துக்கு அறிவிப்பு போகும், அவர்களும் அதையே சொன்னால் தனி விசாரணை இருக்காது. இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிஐபி எனப்படும் செயல்திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் வைத்து, "செயல்திறன் போதவில்லை" என்று நீக்கப்பட்டவர்கள் தங்களுக்கு எதுவும் கிடைக்காது என்று முடிவு செய்து விண்ணப்பிக்காமலே இருந்துவிடுகிறார்கள். அது தவறான முடிவு. வாஷிங்டன் சட்டம் 'தவறான நடத்தை' என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே, இயலாமையாலோ திறன் குறைவாலோ வேலையைச் சரியாகச் செய்யாமல் போவது தவறான நடத்தை ஆகாது என்று தெளிவாக இருக்கிறது. வேண்டுமென்றே விதியை மீறியது, பொய் சொன்னது, தொடர்ந்து சொல்லாமல் வராமலிருந்தது போன்றவைதான் தகுதியைப் பறிக்கும். அப்போது பத்து வாரமும், வேறு வேலையில் வாரத் தொகையின் பத்து மடங்கை ஈட்டும்வரையிலும் எதுவும் கிடைக்காது. தானாக, ஏற்கத்தக்க காரணமின்றி விலகினால் அது ஏழு வாரமும் ஏழு மடங்கும். "நீயே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடு, இல்லாவிட்டால் நாங்கள் நீக்குவோம்" என்று மேலாளர் சொல்லி அதன்பேரில் எழுதிக் கொடுத்திருந்தால், அது உண்மையில் தானாக விலகியது ஆகாது; நடந்ததை நடந்தபடி எழுதுங்கள், அந்த மின்னஞ்சலையும் பத்திரப்படுத்துங்கள்.

செவரன்ஸ் தீரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கடந்தகாலப் பணிக்காகப் பிரிவின்போது மொத்தமாகக் கொடுக்கப்படும் செவரன்ஸ் பொதுவாக வாரத் தொகையிலிருந்து கழிக்கப்படுவதில்லை. ஆனால் முன்னறிவிப்புக் காலத்துக்குப் பதிலாகத் தரும் ஊதியமும், வேலை முடிந்தபின்னும் சம்பளப் பட்டியலில் வைத்துத் தொடர்ந்து தரும் ஊதியமும் வேறு வகை. அவை குறிப்பிட்ட வாரங்களுக்கு உரியவை என்பதால் அந்த வாரங்களில் கழிக்கப்படும். உங்கள் பிரிவு ஒப்பந்தத்தில் எந்தச் சொல் பயன்பட்டிருக்கிறது என்பதை எடுத்துப் பாருங்கள்; ஐயமிருந்தால் தொகையைத் தெரிவித்துவிட்டு முடிவை ஈ.எஸ்.டி.-யிடம் விடுங்கள். பெரிய நிறுவனங்கள் பலவும், நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்கான 1988-ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டத்தின்படி 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து, அந்த 60 நாளும் வேலை வாங்காமல் சம்பளம் மட்டும் கொடுத்து வைத்திருக்கின்றன. அந்த நாட்களில் நீங்கள் இன்னும் ஊழியர்தான், ஆகவே வேலையின்மை தொடங்கவில்லை. கடைசிச் சம்பள நாளுக்குப் பின்வரும் வாரமே விண்ணப்பிக்க வேண்டிய வாரம்.

இனி வாராந்தரக் கோரிக்கைக்கு வருகிறேன். பணமும் சிக்கலும் இரண்டும் இங்கேதான் இருக்கின்றன. வாரம் என்பது இங்கே ஞாயிறு தொடங்கிச் சனி முடிய. சனிக்கிழமை நள்ளிரவு கடந்ததும், முடிந்த வாரத்துக்கான கோரிக்கையைப் பதிவு செய்யலாம்; அடுத்த சனிக்கிழமைக்குள் செய்துவிட வேண்டும். ஞாயிறு காலை காபி முடிந்ததும் உட்கார்ந்து முடித்துவிடுவதை வழக்கமாக வைத்துக்கொள்வதே நல்லது, ஏனென்றால் வேலையில்லாத நாட்களில் கிழமை மறந்துபோவது எல்லோருக்கும் நடப்பது. ஒரு வாரம் விட்டுவிட்டால் கோரிக்கை செயலிழந்து, மறுபடி திறக்க வேண்டிவரும். தகுதியுள்ள முதல் வாரம் காத்திருப்பு வாரம்: அதற்குப் பணம் கிடையாது, ஆனாலும் அதற்கும் கோரிக்கை பதிவு செய்தால்தான் அது காத்திருப்பு வாரமாக எண்ணப்படும். முதல் வாரத்துக்குத்தான் பணம் இல்லையே என்று சும்மா இருந்தவருக்கு அடுத்த வாரம்தான் காத்திருப்பு வாரம் ஆகும்.

கேட்கும் கேள்விகள் ஏறத்தாழ ஒரே மாதிரியானவை. ஒவ்வொரு நாளும் வேலை செய்ய உடல்நிலை இடம் கொடுத்ததா, வேலை கிடைத்தால் உடனே போகத் தயாராக இருந்தீர்களா, வேலை தேடினீர்களா, வந்த வேலையை மறுத்தீர்களா, நேர்காணலுக்குப் போகாமல் விட்டீர்களா, யாரிடமாவது வேலை செய்தீர்களா, சுயதொழில் உண்டா, விடுமுறை ஊதியம் போல ஏதேனும் வந்ததா, படிப்பில் சேர்ந்தீர்களா. இவை ஒவ்வொன்றும் உறுதிமொழிக்குச் சமம். எல்லாவற்றுக்கும் பழக்கத்தில் அதே பதிலைத் தட்டிக்கொண்டு போவதில் ஆபத்து இருக்கிறது. செவ்வாய்க்கிழமை முழுக்கக் காய்ச்சலில் படுத்திருந்தால் அந்த நாளைச் சொல்லுங்கள். வேலைக்குத் தயாராக இல்லாத ஒவ்வொரு நாளுக்கும் வாரத் தொகையில் ஏழில் ஒரு பங்கு குறையும். மூன்று நாளோ அதற்கு மேலோ என்றால் அந்த வாரம் முழுவதுமே தயாராக இல்லாததாகக் கொள்ளப்படும்.

வேலை தேடல் என்பது வாரத்துக்குக் குறைந்தது மூன்று செயல்பாடுகள். மூன்றையும் எழுத்தில் காட்ட வேண்டும். விண்ணப்பம் அனுப்பியது, நேர்காணலுக்குப் போனது, வேலை தேடுவோருக்கு உதவும் வொர்க்சோர்ஸ் அலுவலகம் நடத்தும் பயிலரங்கில் கலந்துகொண்டது எல்லாம் சேரும். வெறுமனே "லிங்க்ட்இன்-இல் விண்ணப்பித்தேன்" என்று எழுதுவது பின்னால் தணிக்கை வந்தால் நிற்காது. நாள், நிறுவனத்தின் பெயர், எந்த வேலைக்கு, எந்த வழியில் விண்ணப்பித்தீர்கள், யாரைத் தொடர்புகொண்டீர்கள், வேலை அறிவிப்பின் எண் என்ன என்பவை ஒரு வரியில் இருக்க வேண்டும். வந்த ஒப்புதல் மின்னஞ்சலைத் தனிக் கோப்புறையில் போட்டுவைக்க வேண்டும். வேலை அறிவிப்புகள் சில வாரங்களில் இணையத்திலிருந்து மறைந்துவிடும் என்பதால் அன்றே பக்கத்தைச் சேமித்துக்கொள்ளுங்கள். தொகை பெறும் ஆண்டு, அதாவது கோரிக்கை தொடங்கியதிலிருந்து 52 வாரங்கள், முடிந்த பின்னும் இந்தப் பதிவேட்டை அழித்துவிடாதீர்கள்.

இடையில் சிறிது வேலை செய்தால் என்ன ஆகும் என்பதில் இரண்டு எதிரெதிரான தவறுகள் நடக்கின்றன. பகுதிநேர வேலை பார்த்தாலே தொகை முழுதும் போய்விடும் என்று பயந்து, கிடைத்த வேலையை மறுக்கிறார்கள். அல்லது சிறு தொகைதானே என்று சொல்லாமல் விடுகிறார்கள். கணக்கு இதுதான்: அந்த வாரம் ஈட்டியதில் முதல் ஐந்து டாலரை விட்டு, மீதியில் 75 சதவீதத்தை வாரத் தொகையிலிருந்து கழிப்பார்கள். வாரத் தொகை 885 டாலர் உள்ளவர் ஒரு வாரம் 405 டாலர் ஈட்டினால், 400-இல் 75 சதவீதமான 300 கழிந்து 585 டாலர் கிடைக்கும். சம்பளத்தையும் சேர்த்தால் கையில் 990. வேலை செய்யாமல் இருந்ததைவிட 105 டாலர் கூடுதல். அதோடு கழிக்கப்பட்ட 300 டாலர் உங்கள் மொத்த இருப்பிலேயே தங்கும், ஆண்டு முடிவதற்குள் பின்னொரு வாரத்தில் பயன்படும். வரி பிடிப்பதற்கு முந்தைய தொகையை எழுத வேண்டும், பணம் கைக்கு வந்த வாரத்தில் அல்ல, வேலை செய்த வாரத்தில் எழுத வேண்டும். வீட்டில் பிள்ளைகளுக்குப் பரதநாட்டியம் சொல்லிக்கொடுத்து வாங்கும் கட்டணமும், வார இறுதியில் நண்பரின் கேட்டரிங்குக்குக் கைகொடுத்துப் பெற்ற ரொக்கமும் இதில் அடங்கும். புது நிறுவனங்கள் ஆள் சேர்த்ததையும் ஊதியத்தையும் அரசுக்குத் தெரிவிக்கின்றன, அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்பது இயந்திரத்தின் வேலை. மறைத்தது பல மாதம் கழித்தாவது வெளிவரும். தெரிந்தே மறைத்ததாக முடிவானால், பெற்றதைத் திருப்பிக் கட்டுவதோடு அபராதமும், முதல் முறையிலேயே 26 வாரத் தகுதியிழப்பும் வரும்.

மதுரைப் பயணத்தைப் பற்றி வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். போகலாம், அம்மாவைப் பார்ப்பதை இதற்காகத் தள்ளிப்போடாதீர்கள். ஆனால் இந்தியாவில் இருக்கும் நாட்களில் நீங்கள் இங்கே வேலைக்குத் தயாராக இருப்பதாகச் சட்டம் கருதாது, ஆகவே அந்த வாரங்களுக்குத் தொகை இல்லை. அங்கிருந்தபடி மடிக்கணினியில் வேலை தேடினாலும், கூப்பிட்டால் உடனே டிக்கெட் எடுத்து வந்துவிடுவேன் என்று சொன்னாலும் நிலைமை மாறாது. அங்கிருந்து உள்நுழைந்து கோரிக்கை பதிவு செய்வதும், "நான் ஊரில்தான் இருக்கிறேன் என்று போட்டுவிடுங்கள்" என்று கணவரிடம் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டுப் போவதும் பொய்யான உறுதிமொழியில்தான் முடியும். கடவுச்சீட்டில் பதியும் முத்திரையும் விமான நிறுவனத்தின் பதிவும் பிற்காலத்தில் பேசும். அந்த மூன்று வாரத்துக்கான தொகை அழிந்துபோவதில்லை. மொத்த இருப்பு அப்படியே இருக்கும், திரும்பி வந்து கோரிக்கையை மறுபடி திறந்து, தொகை பெறும் ஆண்டான 52 வாரங்களுக்குள் அதைப் பெறலாம். நடைமுறையில் உதவும் ஒரு விவரம்: வாரம் ஞாயிறில் தொடங்குவதால், வியாழக்கிழமை கிளம்பினால் வியாழன், வெள்ளி, சனி என்று மூன்று நாள் போய் அந்த வாரமே போய்விடும், சனிக்கிழமை கிளம்பினால் ஒரு நாளுக்கான ஏழில் ஒரு பங்குதான் குறையும். திரும்பி வருவதையும் அப்படியே சனிக்கிழமையாக அமைத்துக்கொண்டால், ஞாயிறு முதல் புதிய வாரத்தை முழுதாகத் தொடங்கலாம்.

குடியேற்றம் பற்றிய பயத்துக்கு வருகிறேன். கிரீன் கார்டு உள்ளவர் வேலையின்மைக் காப்பீட்டுத் தொகை பெறுவது, அரசுக்குச் சுமையாவார் என்று கருதும் 'பப்ளிக் சார்ஜ்' கணக்கில் வராது; இது வேலை செய்து ஈட்டிய காப்பீடு என்பதை 2019-இல் வந்த கடுமையான விதியும் ஏற்றது, அதை மாற்றிய 2022-ஆம் ஆண்டு விதியும் ஏற்றது. குடியுரிமை விண்ணப்பத்துக்கும் இதைப் பெற்றது தடையல்ல. தடையாகக்கூடியது ஒன்றே ஒன்று: இதைப் பெறுவதற்காக அரசு அதிகாரிக்குப் பொய்த் தகவல் தந்திருப்பது. குடியுரிமை விண்ணப்பத்தில் அதைப் பற்றிய கேள்வியே இருக்கிறது. மேலே பயணத்தையும் சிறு வருமானத்தையும் பற்றி அவ்வளவு வற்புறுத்தியதற்குக் காரணம் அபராதத் தொகை மட்டுமல்ல, இதுவும்தான்.

ஹெச்-1பி-யில் இருப்பவர்களின் நிலை இதைவிடக் கடினமானது. வேலை போனதும் அவர்களுக்கு 60 நாள் வரை சலுகைக் காலம் இருந்தாலும், அந்த விசா குறிப்பிட்ட நிறுவனத்தோடு பிணைந்தது; வேறு நிறுவனம் மனுச் செய்யாமல் யாரிடமும் வேலைக்குச் சேர முடியாது. ஆகவே 'வேலைக்குத் தயார்' என்ற நிபந்தனையைப் பெரும்பாலும் அவர்களால் நிறைவேற்ற முடிவதில்லை. அவர்களுடைய நிறுவனமும் அதே வரியைத்தான் கட்டியது. கட்டியதன் பயன் அவர்களுக்குக் கிடைக்காமல் போவது நியாயமில்லை என்பது என் கருத்து, ஆனாலும் நடைமுறை இப்படித்தான் இருக்கிறது. மாறாக, கிரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் இருந்து அதன்பேரில் பொதுவான வேலை அனுமதி அட்டை வைத்திருப்பவர், ஹெச்-1பி-யில் இருப்பவரின் துணையாக ஹெச்-4 விசாவில் வந்து வேலை அனுமதி பெற்றவர், நிறுவனத்துக்குள் இடமாற்றமாகி எல்-1 விசாவில் வந்தவரின் துணையாக எல்-2 விசாவில் உள்ள கணவன் அல்லது மனைவி ஆகியோர் எந்த நிறுவனத்திலும் சேர உரிமை உள்ளவர்கள் என்பதால், மற்ற நிபந்தனைகள் பொருந்தினால் விண்ணப்பிக்கலாம்.

மறுப்புக் கடிதம் வந்தால் முதலில் அதன்மேலுள்ள தேதியைப் பாருங்கள். அந்தத் தேதியிலிருந்து 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். அது ஈ.எஸ்.டி.-யைச் சாராத நிர்வாக விசாரணை அலுவலகத்துக்குப் போகும். நிர்வாகச் சட்ட நீதிபதி ஒருவர் பெரும்பாலும் தொலைபேசி வழியாகவே விசாரிப்பார். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டால் கட்டணமின்றித் தருவார்கள், தமிழுக்கும் கேட்கலாம். அலுவலக ஆங்கிலம் சரளமாக வருபவர்களுக்கும், உறுதிமொழியின் கீழ் குறுக்குக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும்போது தாய்மொழி கைகொடுக்கும். காட்ட விரும்பும் மின்னஞ்சல்களையும் கடிதங்களையும் விசாரணைக்கு முன்பே நீதிபதிக்கும் எதிர்த்தரப்புக்கும் அனுப்பியிருக்க வேண்டும், அன்றைக்கு வாயால் சொன்னால் போதாது. சியாட்டிலில் உள்ள அன்எம்ப்ளாய்மென்ட் லா ப்ராஜெக்ட் என்ற லாபநோக்கற்ற அமைப்பு இத்தகைய விசாரணைகளில் தொழிலாளர்களுக்காக வாதாடுகிறது. கடிதம் வந்த உடனே அவர்களை அணுகுவது நல்லது. மேல்முறையீடு நடக்கும் வாரங்களிலும் கோரிக்கையைப் பதிவு செய்துகொண்டே இருக்க வேண்டும், ஏனென்றால் தீர்ப்பு உங்கள் பக்கம் வந்தாலும் நீங்கள் கோரிய வாரங்களுக்குத்தான் பணம் வரும்.

வரியைப் பற்றிச் சுருக்கமாக. இந்தத் தொகைக்குக் கூட்டாட்சி வருமான வரி உண்டு; வாஷிங்டனில் ஊதியத்துக்கு மாநில வருமான வரி இல்லை. வாராவாரம் 10 சதவீதம் பிடித்துக்கொள்ளச் சொல்லலாம். கணவருக்குச் சம்பளம் வரும் வீடாக இருந்தால் பிடிக்கச் சொல்வதே நல்லது, இல்லாவிட்டால் அடுத்த ஏப்ரலில் மொத்தமாகக் கட்டும்போது கடினமாக இருக்கும். பெற்ற தொகையை வரிக் கணக்குக்காகக் காட்டும் 1099-ஜி படிவத்தை ஜனவரியில் தருவார்கள்.

புது வேலை கிடைத்ததும் பலர் அந்தக் கடைசி வாரத்தில் தடுமாறுகிறார்கள். புதன்கிழமை சேர்ந்தால், அந்த வாரத்துக்கான கோரிக்கையில் புதன் முதல் செய்த மணிநேரத்தையும் அதற்குரிய ஊதியத்தையும், முதல் சம்பளம் இன்னும் வராவிட்டாலும், எழுத வேண்டும். அடுத்த வாரம் முழுநேரமும் வேலை என்பதால் கோரிக்கை பதிவு செய்வதை நிறுத்திவிட்டால் போதும். தனியாக ரத்து செய்ய வேண்டியதில்லை. அந்த 52 வாரத்துக்குள் மறுபடி வேலை போனால் புதிதாக விண்ணப்பிக்காமல் அதே கோரிக்கையைத் திறந்து, மீதமிருக்கும் இருப்பைப் பெறலாம்.